உயரமாக இருக்கும் வேலை

"உங்கப்பா மில்லுல என்ன வேலை பாக்காரு?"

எட்டாம் வகுப்பில் தங்கபாய் டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார். முதல் பெஞ்சிலிருந்து வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருத்தியின் அப்பா ஸ்பின்னிங்கில் இருந்தார், ஒருத்தியின் அப்பா வாட்ச்மேன், இன்னொருத்தியின் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். நாலு பேர் பார்க்கும்போது எனக்குப் பேச்சு வராது. யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னேன்.

"உயரமா இருக்காரு டீச்சர்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். அந்த வருஷத்தோடு நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தப் பதிலைப் பிறகு பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதைவிடச் சரியான பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அப்பா தவசிமுத்துவுக்குச் சொந்த ஊர் தேவதானம். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவரை ரோட்டில் காரில் போன ஒரு முதலாளி பார்த்தாராம். குனிந்து வேலை செய்தபோதே மற்றவர்கள் நிமிர்ந்து நிற்கிற உயரம் இருந்ததாம். அப்படியே ராஜபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து மில்லில் சேர்த்து, கையில் கூடைப்பந்தைக் கொடுத்தார்கள். மில்லின் கூடைப்பந்துக் கழகத்தில் அப்பா சென்டர். கூடைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆட்டக்காரர். நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அப்பா பெயரைச் சொன்னால் திருநெல்வேலியில்கூடத் தெரியுமாம். பஸ்ஸில் கண்டக்டர்கள் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மாட்டார்களாம். பஸ்ஸுக்குள் நிமிர்ந்து நிற்க முடியாததால் அப்பா பஸ்ஸில் போவதே அபூர்வம். அதனால் அந்த மரியாதை பெரிதாகப் பயன்படவில்லை.

பகலில் மில்லில் அவருக்கு என்று ஒரு வேலை கிடையாது. டியூப் லைட் மாற்ற வேண்டுமானால் கூப்பிடுவார்கள். நிறுவனரின் படத்துக்கு மாலை போடுவது அவர் பொறுப்பு. ஏணி வேண்டுமானால் ஸ்டோருக்குக் கடிதம் எழுதி மானேஜர் கையெழுத்து வாங்க வேண்டும். அப்பாவுக்கு ஒரு ஸ்டூல் போதும். பெரிய மனிதர்கள் வந்தால் பின்னால் நின்று குடை பிடிப்பார். அவர் பிடிக்கிற குடை எல்லார் தலைக்கும் மேலே போய்விடுவதால் வெயில் பக்கவாட்டில் அடிக்கும். ஆனாலும் பார்க்கக் கம்பீரமாக இருக்கும் என்று அவரையே கூப்பிட்டார்கள்.

இத்தனைக்கும் அவர் வேலை தற்காலிகம்தான். விளையாடுகிற வரைக்கும் வேலை. வேலை இருக்கிற வரைக்கும் மைதானத்துச் சுவரை ஒட்டிய லைன் வீடு. இதை யாரும் எங்களிடம் மறைத்ததில்லை. விளையாட்டுக்காரர்களை நிரந்தரமாக்கினால் விளையாட மாட்டார்கள் என்பது கழகத்தின் கொள்கை.

கழகத்தின் தலைவர் வைகுண்டராஜ். மில் மானேஜரும் அவர்தான். செயலாளர் சுயம்புலிங்கம், பஜாரில் ஜவுளிக்கடைக்காரர். பொன்னாடைகளெல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும். கமிட்டியில் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்கள் கை தட்டுவார்கள்.

தலைவருக்கு மைக் இல்லாமல் பேச வராது. கமிட்டிக் கூட்டம் என்றால் மைதானத்து ஷெட்டில் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். கை நீட்டினால் ஒருத்தர் தோளை ஒருத்தர் தொடலாம். அதற்கும் மைக் உண்டு, இரண்டு குழாய் ஒலிபெருக்கி உண்டு. அதனால் ரகசியத் தீர்மானங்கள் உட்பட எல்லாமே எங்கள் அடுப்படிக்குள் தெளிவாகக் கேட்கும். அம்மா பரிபூரணம் அரிசி களைந்துகொண்டே கழகத்தின் வரவு செலவைத் தெரிந்துகொள்வாள்.

மைக்கில் அப்பாவை "கூடைப்பந்துலகின் கோபுரம், அண்ணன் தவசிமுத்து அவர்கள்" என்பார் தலைவர். மைக்கை அணைத்துவிட்டால் "ஏலே தவசி" என்பார். வயதில் அப்பாதான் மூத்தவர்.

எண்பத்தொன்பதாம் வருஷக் கோடையில் மின்னொளிப் போட்டி வந்தது. அதற்கு முந்திய வருஷங்களில் கோப்பை ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் எங்கள் அணியில் நல்ல பையன்கள் சேர்ந்திருந்தார்கள். பேச்சிமுத்து கேப்டன். குள்ளம், ஆனால் அவன் பந்தோடு ஓடும்போது யாராலும் தொட முடியாது. எல்லாம் இருந்தது, கூடைக்குக் கீழே நிற்க ஆள் இல்லை. அப்பாவுக்கு நாற்பது நெருங்கியிருந்தது. வலது முழங்கால் போய்விட்டது. பேண்டேஜ் துணிக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. சத்திரப்பட்டித் தறிகளில் வண்டி வண்டியாக நெய்கிறார்கள். அம்மா தினமும் காலையில் முழங்காலைச் சுற்றிக் கட்டிவிடுவாள்.

போட்டி தொடங்குமுன் தலைவர் மைக்கில் ஓர் அறிவிப்புச் செய்தார். இந்த வருஷம் கோப்பை வந்தால், கழகத்தின் கோபுரமான தவசிமுத்து அவர்களின் வேலை நிரந்தரமாக்கப்படும்.

அம்மா களைந்துகொண்டிருந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் வந்து நின்றாள். "மைக்குல சொல்லிட்டாவட்டி" என்றாள் என்னிடம். "ஊரே கேட்டுட்டு. இனி மாத்த ஏலாது."

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. வயதான நட்சத்திர வீரரை அணியின் வெற்றிக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பது பொருள். நெடுநேரம் விவாதித்தார்கள். நோட்டீஸில் அவர் படத்தைப் போடலாம் என்றார் ஒருவர். எதிரணி பயிற்சி எடுக்கும்போது அவரை எதிரில் நிறுத்தினால் பயந்துபோவார்கள் என்றார் இன்னொருவர். சிறப்பு விருந்தினருக்கு வழிகாட்டியாக முன்னால் நடக்கவிட்டால் கூட்டத்தில் விருந்தினர் தொலைந்துபோகாமல் இருப்பார் என்றார் சுயம்புலிங்கம். கடைசியில் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, விருந்தினர் பக்கத்தில் உட்காரவைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அவர் விளையாடலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

மே மாதத்துப் புழுக்கத்தில், ஜெர்ஸியின் மேல் சரிகைப் பொன்னாடை போர்த்திக்கொண்டு அப்பா மேடையில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் சுவருக்கு மேலே பார்ப்போம். பொன்னாடையால் வியர்வையைத் துடைக்க முடியாது. அந்தத் துணி ஈரத்தைக் குடிக்காது. குளிருக்குப் போர்த்தவும் முடியாது, குத்தும். வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அம்மா சிலவற்றைத் தைத்து ஜன்னலுக்குப் போட்டிருந்தாள். வெளியிலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டில் தினமும் கல்யாணம் நடப்பது போல இருக்கும்.

மேடையில் கொடுத்த நாற்காலியை அப்பா மறுத்ததில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் மட்டும் மைதானத்துக்குப் போய்விடுவார். அந்த நேரத்தில் கமிட்டி தூங்கும். பையன்கள் மட்டும் இருப்பார்கள். அப்பா ஓட மாட்டார். கூடைக்குப் பக்கத்தில், தரையில் போட்ட கோட்டை ஒட்டி, கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். பந்து மேலே வரும். பிடித்துத் தலைக்கு மேலே வைத்துக்கொள்வார். பையன்கள் அவரைச் சுற்றி ஓடுவார்கள். பந்தை யார் கையில் வைக்க வேண்டுமோ அவன் கையில் வைப்பார். எறிவது மாதிரியே தெரியாது. அலமாரியிலிருந்து டம்ளரை எடுத்துக் கொடுப்பது போல இருக்கும்.

பேச்சிமுத்து ஒரு நாள் கமிட்டியிடம் போய் நின்றான். மைக்குக்கு முன்னால் நிறுத்தித்தான் பேசவிட்டார்கள்.

"அண்ணாச்சி ஓட வேண்டாம் சார். செத்த நேரம் நின்னாப் போதும். அவிய கையில பந்து இருந்தா எதிராளி ரெண்டு பேரு அவியகிட்ட போயிருவான். அப்ப எங்கள்ல ஒருத்தன் சும்மா நிப்பான். பந்து அவன்கிட்ட தானா வரும். அம்புட்டுத்தான்."

தலைவர் நிதானமாகப் பதில் சொன்னார். "தம்பி, நீ ஆட்டத்தை மட்டும் பார்க்கிறாய். நாங்கள் கழகத்தைப் பார்க்கிறோம். நாளைக்கு அவர் கால் இடறிக் கீழே விழுந்தால், விழுவது தவசிமுத்து அல்ல. அவருக்கு நாங்கள் போர்த்திய அத்தனை பொன்னாடைகளும் விழுகின்றன."

கமிட்டி கை தட்டியது. அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது.

அரையிறுதி அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மில் முதலாளி வீட்டுக் கல்யாண வரவேற்பு. கமிட்டி முழுவதும் காரில் ஏறிப் போய்விட்டது. மைக்செட் அறையின் சாவி சுயம்புலிங்கத்தின் சட்டைப்பையில் போய்விட்டது. அதனால் அன்று விருந்தினர் இல்லை, வரவேற்புரை இல்லை, வீரர்களை வரிசையாக நிறுத்திக் கை குலுக்குவது இல்லை. ஆட்டம் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிட்டது. வழக்கமாகத் தாமதமாக வருகிற ஜனங்கள் பாதி ஆட்டத்தைத் தவறவிட்டுவிட்டு, ஏமாற்றப்பட்டதாகச் சண்டை போட்டார்கள்.

இரண்டாவது பாதியில் எங்கள் அணி பின்தங்கியது. மேடை காலியாகக் கிடந்ததால் அப்பா அன்று பெஞ்சில் இருந்தார். பேச்சிமுத்து அவரைத் திரும்பிப் பார்த்தான். அப்பா மேல்சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு எழுந்தார். விசில் அடித்ததும் உள்ளே போனார். அவ்வளவுதான் நடந்தது. யாரும் அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

பிறகு நடந்தது காலையில் நாங்கள் பார்த்ததுதான். அப்பா நின்றார். எதிராளிகள் இரண்டு பேர் அவரிடம் போனார்கள். ஒருத்தன் சும்மா நின்றான். பந்து அவனிடம் போனது. திரும்பவும் நின்றார், திரும்பவும் போனது. எதிராளிகளுக்கு என்ன நடக்கிறது என்று தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜனங்கள் முதலில் சத்தம் போட்டார்கள், பிறகு சத்தம் போடுவதை மறந்து பார்த்தார்கள். ஜெயித்தோம்.

அன்று ஜெர்ஸியைத் துவைக்கும்போது அம்மா அதை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "வேர்வை வாடை வருதுட்டி" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

மறுநாள் கமிட்டி அவசரமாகக் கூடியது. தலைவரின் குரல் நடுங்கியது. "தமிழகம் அறிந்த ஒரு மாபெரும் வீரரை, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், ஒரு மாலைகூட இல்லாமல், எவனோ ஒருவனை அனுப்புவது போல உள்ளே அனுப்பியிருக்கிறீர்கள். வெற்றி வரும், போகும். போன மரியாதை வருமா?"

பேச்சிமுத்துவைக் கண்டித்து ஒரு தீர்மானம். இறுதி ஆட்டத்தில் அப்பா விளையாடலாம் என்று அடுத்த தீர்மானம். ஆனால் அவர் மைதானத்துக்குள் நுழைவது முறைப்படி நடக்க வேண்டும். அதற்கு நுழைவு விழாக் குழு என்று ஒரு துணைக்குழு. நாதஸ்வரம், ஆளுயர மாலை, விருந்தினர் கையால் பொன்னாடை, தலைவரின் சிற்றுரை. ஆள் மாற்றுவதற்கு நடுவர் அரை நிமிஷம்கூடக் கொடுக்க மாட்டார் என்று பேச்சிமுத்து கெஞ்சியிருக்கிறான். நடுவருக்கும் ஒரு பொன்னாடை ஏற்பாடு செய்தால் சரியாகிவிடும் என்றார் சுயம்புலிங்கம்.

அப்பாவிடம் அம்மா சொல்லிப் பார்த்தாள். "மொதல்லயே உள்ள போயிருங்க. அவிய மாலையைக் கொண்டாரதுக்குள்ள."

"மானேஜர் சொல்லாம எப்படிப் போக?" என்றார் அப்பா. "வேலை அவியகிட்டல்லா இருக்கு."

இறுதி ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் அணியோடுதான். மூன்று பஸ்ஸில் அவர்கள் ஊர் ஜனம் வந்திருந்தது. ஆரம்பத்தில் அறிமுகங்கள் முடியவே ரொம்ப நேரமாகி, வீரர்களுக்கு உடம்பு ஆறிப்போனது. ஆனாலும் பையன்கள் விடவில்லை. மாறி மாறி முன்னால் போனார்கள். கடைசி நிமிஷங்களில் நாங்கள் ஒரே ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். விசில் அடித்தது. பேச்சிமுத்து கையைக் காட்டினான். அப்பா மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நடுவர் அவரை உள்ளே வரச் சொல்லிக் கையை அசைத்தார்.

"ஒரு நிமிடம்" என்றது ஒலிபெருக்கி.

நாதஸ்வரம் தொடங்கியது. ரோஜா மாலையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார்கள். பின்னால் விருந்தினர், அவர் பின்னால் தட்டில் பொன்னாடை. அப்பா கோட்டின் மேல் அப்படியே நின்றார். ஒரு கால் உள்ளே இருந்தது, ஒரு கால் வெளியே.

மதுரையிலிருந்து வந்த நடுவர் விசிலை ஊதிப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் அதைச் சுருதி பேதமாக நினைத்து இன்னும் பலமாக வாசித்தார். தலைவர் பேசத் தொடங்கினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. ஆட்டம் நிற்கலாம், மரியாதை நிற்கக் கூடாது. நான் ஒரு நாளும் பந்தைத் தொட்டவனல்லன். ஆனால் பந்தைத் தொட்டவர்களையெல்லாம் கௌரவித்தவன் நான்."

நடுவர் மேடைக்கு வந்து கடிகாரத்தைக் காட்டினார். சுயம்புலிங்கம் அவருக்குப் பொன்னாடையைப் போர்த்தினார். நடுவர் அதை உதறிவிட்டு, ஆட்டத்தைத் தடுத்ததற்காக எங்கள் அணிக்குத் தண்டனை கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் ஒருவன் யாரும் தடுக்காமல் கூடைக்கு எதிரில் நின்று பந்தை எறிந்தான். விழுந்தது. அவர்கள் ஊர் ஜனம் கை தட்டியது. தலைவர் பேச்சை நிறுத்தி, அந்தக் கைதட்டலுக்கு நன்றி சொன்னார். இரண்டாவதும் விழுந்தது. இன்னும் பலமாகத் தட்டினார்கள். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது; உங்கள் அன்பு என்னை மேலும் பேசத் தூண்டுகிறது என்றார். மேலும் பேசினார். நடுவர் மேலும் ஒரு தண்டனை கொடுத்தார்.

மாலையைக் கழற்ற அப்பாவுக்கு நேரமாயிற்று. அவர் அளவுக்கென்று கட்டியதால் முழங்கால் வரை வந்து பேண்டேஜில் சிக்கிக்கொண்டது. பேச்சிமுத்து மண்டிபோட்டு அதைப் பிரித்தெடுத்தான். பிறகு ஆட்டம் தொடங்கியது. மிச்சமிருந்த கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்கு ஒரே ஒரு பந்து வந்தது. பிடித்தார். இரண்டு பேர் அவரிடம் போனார்கள். பார்க்காமலே பந்தைப் பின்னால் கொடுத்தார். பேச்சிமுத்து அங்கே இருந்தான், போட்டான். அவ்வளவு அழகான பந்தை அந்தப் போட்டியில் வேறு யாரும் கொடுக்கவில்லை. மணி அடித்துவிட்டது. கோப்பை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறியது.

தோல்விக்கான காரணத்தைக் கமிட்டி ஆராய்ந்தது. நடுவருக்குப் பண்பாடு போதாது என்பது முதல் காரணம். தவசிமுத்துவின் வயதும் முழங்காலும் இரண்டாவது காரணம். அவர் உள்ளே வந்த நேரத்தில்தான் எதிரணிக்குப் பாயிண்டுகள் போயிருக்கின்றன. இதை யாரும் மறுக்க முடியாது என்றார் தலைவர். உண்மையில் யாரும் மறுக்கவில்லை. தலைவரின் சிற்றுரையை அச்சிட்டு வழங்குவது என்று தீர்மானித்தார்கள். செட்டியார்பட்டியில் ஒரு பையன் அகப்பட்டிருக்கிறான், தவசியைவிட இரண்டு விரற்கடை உயரம். அவனுக்கு அந்த வேலையைக் கொடுப்பது என்றும், தவசிமுத்துவுக்கு மாபெரும் பிரிவு விழா எடுப்பது என்றும் முடிவு செய்தார்கள்.

அடுப்படியில் நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பா தட்டில் கையை வைத்தபடி இருந்தார்.

"மைக்குல சொன்னாவல்லா?" என்றாள் அம்மா.

"கப்பு வந்தாத்தான்னு சொன்னாவ" என்றார் அப்பா. பிறகு சாப்பிட்டார்.

விழா அன்று மத்தியானம் தலைவர் மைதானத்துக்கு வந்து ஏற்பாடுகளைப் பார்வையிட்டார். மைக் இன்னும் கட்டவில்லை. "ஏலே தவசி" என்று சுவர்ப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "அந்தப் பேனரைக் கொஞ்சம் கெட்டிட்டுப் போ. ஏணிக்கு லெட்டர் எழுதணும்னா இன்னைக்கு ஆகாது."

அப்பா ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனார். "கூடைப்பந்துலகின் கோபுரத்துக்குப் பிரியாவிடை" என்று சிவப்புத் துணியில் எழுதியிருந்தது. மேடைக்குப் பின்னால் கூடையும் பலகையும் மறையும்படி அதை இழுத்துக் கட்டினார். ஒரு முனை தாழ்ந்திருப்பதாகத் தலைவர் சொன்னார். அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். இந்த மாதிரிப் பேனர்களைக் கட்டச் சொல்லுவார்களே தவிர, அவிழ்க்கச் சொன்னதில்லை. நாளாகிக் கிழிந்து தொங்கும். காலையில் பையன்கள் வந்து கூடையைக் காணாமல் நிற்பார்கள். அப்பாதான் போய் எடுத்துவிடுவார்.

சாயங்காலம் கூட்டம் நிறைய வந்தது. கல்யாண மண்டபத்திலிருந்து சிவப்பு வெல்வெட் நாற்காலி கொண்டுவந்து அப்பாவை உட்காரவைத்தார்கள். பெண்களுக்கு அழைப்பு இல்லை. நானும் அம்மாவும் சுவருக்கு மேலே பார்த்தோம். வீட்டுக்குள் சாமான்களை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தோம். டிரங்குப் பெட்டிகளைத் தூக்க முடியவில்லை. பொன்னாடைகள் அவ்வளவு கனம்.

கடைசியாகத் தலைவர் பேசினார். "இந்தக் கழகம் தவசிமுத்து அவர்களுக்கு எல்லாம் செய்திருக்கிறது. மாலை போட்டிருக்கிறது. பொன்னாடை போர்த்தியிருக்கிறது. வேலை ஒன்றைத்தான் நிரந்தரமாக்கவில்லை. ஏனென்றால் வேலையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். இந்த மரியாதையை எல்லாருக்கும் கொடுக்க முடியுமா?"

முடியாது என்று கமிட்டி கை தட்டியது. பேச்சிமுத்து மட்டும் பையன்களோடு தரையில் உட்கார்ந்து கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏற்புரை நிகழ்த்த அப்பாவை அழைத்தார்கள்.

அப்பா எழுந்து மைக்குக்கு முன்னால் வந்தார். அது தலைவர் உயரத்துக்கு இருந்தது. அப்பாவின் நெஞ்சுக்கு வந்தது. மைக்செட்காரர் ஓடிவந்து திருகி உயர்த்தினார். முழுவதும் உயர்த்தியும் தாடைக்கு வரவில்லை. அவர் திருகிக்கொண்டே இருந்தார். அப்பா திரும்பிப் போய் வெல்வெட் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பேனருக்குக் கீழே போனார். செருப்பைக் கழற்றினார். வலது காலை மெதுவாக எடுத்து வைத்து, நாற்காலியின் முதுகைப் பிடித்து ஏறினார்.

"அண்ணன் அவர்கள் ஏற்புரையைச் செயலில் காட்டுகிறார்" என்றார் தலைவர் மைக்கில். யாரோ தட்டினார்கள்.

அப்பா ஒரு முனையை அவிழ்த்தார். இறங்கி, நாற்காலியை நகர்த்தி, இன்னொரு முனையை அவிழ்த்தார். துணி கீழே சரிந்ததும் பின்னாலிருந்த பலகையும் கூடையும் தெரிந்தன. வலை ஒரு பக்கம் வளையத்தில் சுருண்டிருந்தது. அதையும் இழுத்துச் சரியாகத் தொங்கவிட்டார். இறங்கினார். பேனரை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தார். தோளில் கிடந்த பொன்னாடையை மடித்து அதன் மேல் வைத்தார். பேச்சிமுத்து எழுந்து நின்றுவிட்டான். தலைவர் அடுத்து நன்றியுரை என்று அறிவித்தார்.

மைதானத்துக்கு இருப்பது ஒரே கேட். அதற்கு மேலே கழகத்தின் பெயர் எழுதிய வளைவு, தாழ்வாகத்தான் கட்டியிருந்தார்கள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம்போலத் தலையைக் குனிந்து அதன் வழியாக வெளியே போனார்.